பெயரைச் சொல்லு

“யாரு உனக்கு இந்தப் புத்தியைச் சொன்னது? மொதல்ல அந்த ஆள் பேரைச் சொல்லு” என்றார் ஜெயசீலன்.

ஆட்டோ தில்லி மயூர் விஹாரைத் தாண்டி யமுனைப் பாலத்தில் ஏறியிருந்தது. பக்கத்தில் மகள் பெனிட்டா துப்பட்டாவைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் அவர், “பையா, ஜல்தி” என்று ஓட்டுநரை இந்தியில் விரட்டிக்கொண்டே வந்தார்.

“கோயிலுக்குப் போனதும் சொல்றேன்ப்பா.”

“இப்ப சொன்னா என்ன? நாளைக்கு சிங்கப்பூர் வேலைக்குச் சரின்னு பதில் போடணும். ஊர்ல அத்தைக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாச்சு. நீ நேத்து சோத்துல கைய வச்சுக்கிட்டு, ஜார்க்கண்ட் போறேன்னு சொல்லுத. சிங்கப்பூர் எங்க, ஜார்க்கண்ட் எங்கட்டி?”

“அங்க உள்ள மிஷன் ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ண ஆள் இல்லப்பா. பஸ்ல வேற டவுனுக்கு அனுப்புறாங்க.”

“அங்க கரண்டாவது இருக்கா?”

“வரும், போகும்.”

“வரும், போகுமாம்! எம்.எஸ்ஸி. படிச்சது மெழுகுவத்தி பிடிக்கவா?”

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஜெயசீலன் மடியிலிருந்த துணிப்பையை, கசங்கிவிடாமல், இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா, மன் நஹி லக்தா.”

“தமிழ்ல சொல்லு.”

“மனசு ஒட்டலப்பா. வேலை கிடைச்சா சரியாயிடும்னு நினைச்சேன். கிடைச்சுது. ப்ரமோஷன் வந்தா சரியாயிடும்னு நினைச்சேன். வந்துச்சு. இருப்புக்கொள்ளாம சரோஜினி நகர் மார்க்கெட் போய் துணியா வாங்குவேன். எல்லாம் பீரோவுல விலை டேக்கோட தொங்குது. இப்ப சிங்கப்பூர். அங்கயும் ஒரு பீரோ இருக்கும்ப்பா.”

“ஜார்க்கண்ட்ல மட்டும் மனசு ஒட்டிருமாக்கும்?”

“தீபாவளி லீவுல அங்க போயிருந்தேன்ல? ஒரு அம்மாவுக்கு மலேரியான்னு நான்தான் பார்த்துச் சொன்னேன். அன்னைக்கு ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தா, ஆண்டவர்கிட்ட கேக்க எனக்கு ஒண்ணுமே இல்லப்பா. நன்றி ஸ்தோத்திரம் மட்டும்தான் இருந்துச்சு.”

ஜெயசீலன் கடிகாரத்தைப் பார்த்தார். பையின் காதைத் திருகினார்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, “பொண்ணு கல்யாணத்துக்கு ஒத்துக்கலையா, சாப்?” என்று இந்தியில் கேட்டார்.

“அதுன்னாலும் பரவாயில்லையே” என்றார் ஜெயசீலன் தமிழில். ஓட்டுநர் எல்லாம் புரிந்தவர்போலத் தலையாட்டினார்.

“ஒரு பிரசங்கம் கேட்டேன்னு சொன்னியே, அது யாரு? போன மாசம் கூட்டத்துக்கு மெட்ராஸ்லேர்ந்து வந்தாரே, அந்த ஆளா?”

“இல்ல.”

“யாரா இருந்தா என்ன! ஆண்டவரைத் தேடு, யாரு வேண்டாங்கா? சிங்கப்பூர்லயும் சர்ச் இருக்கு. ஏசி போட்ட சர்ச். அங்க இருந்து காணிக்கை அனுப்பு. எல்லாரும் அப்படித்தான செய்யுதாங்க? ஒருத்தர் மேடையில சத்தமாப் பேசுனா உடனே பெட்டியைக் கட்டிருவியா? பேசுறது அவங்க வேலை. பேசத்தான் செய்வாங்க.”

“அவர் நிஜமாத்தான் சொன்னார்னு நினைச்சேன்ப்பா.”

அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். புகைமூட்டத்தில் யமுனை இருக்குமிடமே தெரியவில்லை.

“அவரு இன்னைக்கு கோயிலுக்கு வாராரா?” என்றார்.

“வருவார்.”

“வரட்டும். ஊரான் பிள்ளைன்னா ஈசியாச் சொல்லிருவாங்க. அவரு பெத்த பிள்ளையக் காட்டுக்கு அனுப்புவாரான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கேன்.”

“நானும் அதைத்தான் கேக்கணும்னு இருக்கேன்” என்றாள் பெனிட்டா.

கோயில் வாசலில் ஆட்டோ நின்றது. உள்ளே பாடகர் குழு பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. தெரிந்தவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஜெயசீலன் யாரிடமும் நின்று பேசாமல் பக்கவாட்டு அறைக்குள் நுழைந்தார். மகளும் பின்னால் வந்தாள். அவர் கதவைச் சாத்தினார்.

“கோயிலுக்கு வந்தாச்சு. இப்ப சொல்லு. ஆள் யாரு?”

பெனிட்டா அவர் கையிலிருந்த துணிப்பையை வாங்கி, தேய்த்து மடித்திருந்த வெள்ளை அங்கியை எடுத்து, அவருக்குப் போட்டுவிட்டாள். கழுத்துப் பட்டியைச் சரிசெய்தாள்.

“பேரு ஜெயசீலன்ப்பா. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்துன தபசு காலத்துல, இதே அங்கியோட மேடையில நின்னு, ‘உங்க பிள்ளைகள்ல ஒருத்தரையாவது மிஷன் ஊழியத்துக்கு அனுப்புவீங்களா’ன்னு கேட்டார். எல்லாரும் ஆமென் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் தூக்கம் வரல.”

வெளியே மணி அடித்தது. ஜெயசீலன் வழக்கம்போல முழங்காலிட்டார். மேடையேறுமுன் இத்தனை வருடங்களாக அவர் வேண்டிக்கொள்வது ஒன்றுதான்: ‘நான் சொல்வதை இன்றைக்கு ஒருவராவது நம்பட்டும், ஆண்டவரே.’ இன்றும் அதற்காக வாயைத் திறந்தவர், மகளை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, “ஸ்தோத்திரம்” என்று மட்டும் சொன்னார்.