மிக்கேல்ராஜ் கொன்றவர்கள்

சாக வேண்டிய சிஜு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

நீலச் சேலை, தலை நிறையப் பூ, மழித்த மீசையின் பச்சைத் தடம். நாடகத்தில் அவன் மனைவி. மேடைக்கு வெளியே எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவன். கடைசிக் காட்சியில் கணவன் மடியில் தலைவைத்து உயிரை விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. அவனோ இரண்டு கைகளையும் விரித்து, மாதா அருளால் பிழைத்துக்கொண்டேன் அத்தான் என்றான்.

மாதா கோயில் திருவிழாக் கூட்டம் கைதட்டியது.

படுதாவுக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த மிக்கேல்ராஜ் கையிலிருந்த வசன நோட்டை விட்டெறிந்தான். இது அவன் எழுதிய முடிவல்ல. ஃபாதரின் கைவரிசை. திருவிழா நாளில் ஒரு குடும்பப் பெண் சாக வேண்டாமே என்று ஒத்திகையிலேயே முனகியவர், சிஜுவைத் தனியே கூப்பிட்டுக் காதில் ஓதியிருக்கிறார்.

மிக்கேல்ராஜின் நாடகம் என்றால் யாராவது செத்தாக வேண்டும். மறையூருக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டில் இது ஊரறிந்த விஷயம். அவனுக்கு யார்மேல் கோபமோ, அந்த வருஷம் அவர் காலி. பெயரை மட்டும் மாற்றுவான். நடை, இருமல், தொப்பை எல்லாம் அப்படியே மேடைக்கு வந்துவிடும்.

லீவு தர மறுத்த சூப்பர்வைசர் சுருளிவேலை மண்சரிவில் புதைத்தான். அடுத்த மாதமே சுருளிவேலுக்குப் பதவி உயர்வு வந்தது.

குடித்துவிட்டு வந்தான் என்று திருவிழாக் கமிட்டியிலிருந்து அவனை நீக்கிய பெர்சியைப் பாம்பை விட்டுக் கடிக்கவைத்தான். வருஷக்கணக்காகப் பெர்சியை வாட்டிய மூச்சிரைப்பு நின்றது. இப்போது மலையேறி விறகு சுமக்கிறார்.

பெஞ்சில் தூங்கியவனை எழுப்பிவிட்ட டீக்கடைச் சந்தனத்தை ஆற்றில் மூழ்கடித்தான். சந்தனத்தின் மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போய்ச் சேர்ந்தாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் வெல்ல உருண்டையும் கோழியுமாக அவன் வாசலில் வந்து நின்றார்கள். இந்த வருஷம் என்னைக் கொல்லுங்கள், என் மருமகனைக் கொல்லுங்கள் என்று கெஞ்சினார்கள். மாதாவுக்கு நேர்ச்சை வைக்கிற அதே முகத்தோடு கேட்டார்கள்.

அவனுக்கு அது பெரிய அவமானம். ரத்தத்தைச் சுண்டவைத்து எழுதிய சோக நாடகத்தை மந்திரித்த கயிறு மாதிரி ஆக்கிவிட்டார்களே. அறிவு கெட்ட ஜனம் என்று திட்டி அனுப்புவான். வெல்லத்தை மட்டும் வைத்துக்கொள்வான். வேதனை அதிகமான நாட்களில் குடிப்பான். குறைந்த நாட்களிலும் குடிப்பான்.

ஆனால் மனைவி சிசிலியை ஒரு நாடகத்திலும் தொட்டதில்லை. சினிமாவுக்கு எழுதப்போகிறேன் என்று ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்பியவனுக்கு, ஒன்றும் கேட்காமல் சோறு போட்டவள் அவள். அவனுக்கு ஃபாக்டரி வேலை போன பிறகும் கொழுந்து பறித்து வீட்டை ஓட்டுகிறவள்.

இந்த வருஷம் மேடைக்கு வந்தது அவளுடைய நடை. சேலையும் அவளுடையதேதான்.

தங்களைக் கொல்லச் சொல்லிக் கெஞ்சிய லயமே, சோறு போட்டவளைக் கொல்வதா என்று கொதித்துப்போயிருந்தது. சிசிலி துணிப்பை கட்டி வைத்திருப்பதை அடுத்த வீட்டு லிஜி பார்த்திருந்தாள். நாடகம் முடிந்ததும் ஜீப் வேண்டும் என்று சிசிலி சிஜுவிடம் சொல்லிவைத்திருந்தாள், எங்கே என்று சொல்லவில்லை. வேலந்தாவளத்து அண்ணன் வீட்டுக்கு ஒரேயடியாகக் கிளம்புகிறாள், அந்த ஆத்திரத்தில்தான் பாவி மேடையில் வைத்துக் கொல்கிறான் என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

கைதட்டல் ஓயும் முன்பே மிக்கேல்ராஜ் படுதாவை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டான்.

"ஏல சிஜு, செத்துருல. உன் கால்ல வேணாலும் விழுதேன், செத்துருல."

மைக் அதை மலை முழுக்கக் கொண்டுபோனது. ஒரு செருப்பு வந்து விழுந்தது. பெர்சி இன்னொன்றைக் கழற்றினார். ஃபாதர் நாற்காலியை விட்டு எழுந்தார். சிஜு பாவம், சாவதா வேண்டாமா என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான்.

முன்வரிசையிலிருந்து சிசிலி எழுந்தாள். மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கூட்டம் வழிவிட்டது. கட்டிய புருஷனைக் கன்னத்தில் நாலு வைப்பாள் என்று எல்லோருக்கும் நல்ல நம்பிக்கை இருந்தது.

அவள் சிஜுவைப் பார்த்தாள்.

"செத்துரு தம்பி. நீதான ஜீப்பு எடுக்கணும். விடியுமுன்ன கோட்டயத்துல ஆஸ்பத்திரில சேரணும், நாளைக்கு எனக்கு ஆபரேசன்."

டாக்டர் ஆபரேசன் என்று சொன்ன அன்று அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஊரையெல்லாம் கொன்றாயிற்று, தன்னையும் ஒரு தடவை கொன்றுவிடும்படி கேட்டாள்.

சிஜு படுத்தான். கண்ணை மூடினான்.

அறிவு கெட்ட ஜனம் என்று ஊரைத் திட்டிய மிக்கேல்ராஜ் மண்டியிட்டு அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு வந்தது. இன்னும் கொஞ்சம் அடக்கச் சொல்லிக் காதில் கெஞ்சினான்.

பெர்சி செருப்பைக் கீழே போட்டார். முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதவர் அவர்தான். சுருளிவேலும் சந்தனமும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு லயமே அழுதது. ஃபாதர் மேடையேறி, இறந்தோருக்கான ஜெபத்தை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

தன் சாவு நல்லபடியாக முடியட்டும் என்று சிசிலி மேடையோரம் பையோடு காத்திருந்தாள்.