இதமாக்கி

தூத்துக்குடியில் அப்போது இதமாக்கி மாட்டாத காதுகள் அபூர்வம். எதிரில் இருப்பவர் மனம் நோகும்படி எதைச் சொன்னாலும், அந்தச் சிறு கருவி அதை மாற்றி, அவருடைய குரலிலேயே இதமாகக் காதுக்குள் சொல்லும். அதை மாட்டிய பிறகு எஸ்தருக்கும் அவள் அம்மா லில்லிக்கும் சண்டையே வந்ததில்லை. காது அரிக்கிறது என்று அப்பா ஞானராஜ் மட்டும் ஒதுக்கிவிட்டார்.

லில்லியின் அடக்கத்துக்கு ஆஸ்லோவிலிருந்து வந்த எஸ்தருக்குக் கல்லறையில் ஒப்பாரிகூட முணுமுணுப்பாகத்தான் கேட்டது. வெறுத்துப்போய்க் கருவியைக் கழற்றிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஞானராஜ் கேட்டார். "நீ ஊருக்குக் கெளம்புன அன்னைக்கு உங்கம்மா அவ்வளவு கெஞ்சுனாளே. எப்படிம்மா சிரிச்சிக்கிட்டே போன?"

"அம்மா எங்கப்பா கெஞ்சுனாங்க? சந்தோஷமா போயிட்டு வான்னுதான சொன்னாங்க."

ஞானராஜ் அவளுடைய வெறுங்காதைப் பார்த்தார்.

"போகாதட்டி, நீ இல்லாம எனக்கு ஒரு நாளும் ஓடாதுன்னு உன் கையப் புடிச்சிக்கிட்டுச் சொன்னா. நீ கேட்டும் கேக்காத மாதிரி போயிட்டன்னு நெனச்சா. அதுக்கப்புறம் உன்கிட்ட அவ எதையுமே கேக்கல."

அந்தப் பிடி எஸ்தருக்கு நினைவிருந்தது. வழியனுப்பும் வாஞ்சை என்று எண்ணி, அம்மாவின் விரல்களை மெதுவாக விலக்கிவிட்டுத்தான் காரில் ஏறியிருந்தாள்.

உண்மையைக் கேட்டிருந்தாலும் அவள் போயிருக்கக்கூடும். ஆனால் சிரித்துக்கொண்டு போயிருக்க மாட்டாள்.