மேடையில் ரெனிட்டாவின் குரல்

ஓசூரில், எண்பது பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன அரங்கில் அன்று ராக் இசை நாடகம். நாயகி ரெனிட்டாவுக்கு மூன்று நாளாகக் குரலே எழும்பவில்லை. அவள் மேடையில் வாயசைக்க, திரைக்குப் பின்னால் நின்று தோழி வின்சி பாடுவதாக ஏற்பாடு.

ரெனிட்டாவின் கணவன் டெல்வின் ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்து, பதற்றமாக உட்கார்ந்திருந்தான். முதல் பாட்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது வின்சியின் குரல் இல்லை, ரெனிட்டாவின் குரல். கிடாரையும் டிரம்ஸையும் மீறி அது கடைசிவரை ஒலித்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பின்னால் ஓடினான்.

"குரல் வந்துருச்சு பாத்தியா! எப்படிப் பாடுன!"

ரெனிட்டா வெளிறிப்போய்த் தலையாட்டி மறுத்தாள். அணைத்து வைத்திருந்த போனை அப்போதுதான் திறந்திருந்தாள். நாடகம் தொடங்கும் முன்பே வின்சியிடமிருந்து செய்தி வந்திருந்தது.

"கெலமங்கலத்துலயே பஸ் நின்னுபோச்சுடி. என்னால வர முடியாது."

அதைக் காட்டிவிட்டு, டைப் செய்து நீட்டினாள்: "நான் வாய மட்டும்தான் அசச்சேன்."

அரங்கில் விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். ஆளில்லாத மேடையிலிருந்து ரெனிட்டாவின் குரல் கேட்டது.

"ஏங்க, வீட்டுக்குப் போலாமா?"

பழக்கத்தில் டெல்வின் பதில் சொல்ல வாயெடுத்தான். ரெனிட்டா இரண்டு கைகளாலும் அவன் வாயை இறுகப் பொத்தினாள்.