வாடாத வரிசை

தண்ணீரை நிறுத்தி இன்றோடு அறுபத்திரண்டு நாள். ஆராய்ச்சிப் பண்ணையின் வலைக்கூடத்தில், அறுவடைக்கு வந்த குச்சிக்கிழங்குச் செடிகள், அதாவது மரவள்ளி, இரண்டு வரிசையாகத் தொட்டிகளில் நிற்கின்றன. பச்சை வலை வழியாக இறங்கும் மத்தியான வெயில் எல்லாவற்றின் மேலும் பாசி நிறத்தில் படிந்திருக்கிறது. சாதாரணச் செடிகள் வாடித் தலை தொங்கிவிட்டன. வறட்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய வரிசையில் ஓர் இலைகூடப் பழுக்கவில்லை. அங்கே ஆய்வு உதவியாளராக இருக்கும் தனப்பிரியா உள்ளே நிற்கிறாள். வெளியாட்களுக்கு அனுமதி இல்லாததால் அவளுடைய அப்பா அர்த்தநாரி வெளியே, வலையில் மூக்கு அழுந்த நிற்கிறார். மல்லசமுத்திரத்திலிருந்து அவளுக்குச் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி அவர் கையில் ஆடுகிறது. “அது நம்ம காட்டுப் பயிராட்டம் செத்துக் கெடக்குது. இதப் பாரு சாமி, மாமியா ஊட்டுக்கு வந்த மாப்பிள்ளையாட்டம் நிமுந்து நிக்குது!” என்று சிரிக்கிறார். ஆயிரத்து இருநூறு அடி போட்ட போர்வெல் வெறும் புகையைக் கக்கிய நாளிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. தொட்டி விளிம்பில் ஒட்டிய மண்ணை அவள் விரலால் சுரண்டிக்கொண்டே இருக்கிறாள். “காட்டை விக்கலைன்னு தரகருகிட்ட இப்பவே சொல்லிப்போடறேன். இந்தக் குச்சி நடவுக்கு வெளிய வர்ற வரைக்கும் பல்லக் கடிச்சிட்டு இருந்துக்கலாம்” என்றபடி அவர் செல்போனைக் காதில் வைக்கிறார். மணி அடிப்பது வலைக்கு இந்தப் பக்கமும் கேட்கிறது. “போனை வெச்சிருங்கப்பா” என்கிறாள் அவள். அவர் வைக்கவில்லை. “காலைல இந்த வரிசைல நாலு செடியப் புடுங்கிப் பாத்தமுங்க. எல்லாம் எலைதானுங்கப்பா. அடியில கிழங்கே வெக்கலீங்க.”