ஆமா மிஸ்ஸி

“பெட்ரீசியா! இன்னும் முடியலயா? மணி ஓடுதுலா!”

வார்டின் அந்தக் கோடியிலிருந்து சிஸ்டர் பமேலாவின் குரல்.

“யெஸ் சிஸ்டர்” என்றாள் பெட்ரீசியா. எதற்கு யெஸ் என்று அவளுக்கே தெரியவில்லை.

நர்ஸ் படிப்பு முடிந்து ஈப்போ ஆஸ்பத்திரியில் இந்த வேலையில் சேர்ந்து மூன்று வாரம்தான். இன்றைய காலைச் சுற்றைச் சரியாக முடித்தால்தான் இனித் தனியாக மருந்து கொடுக்க விடுவார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஒரு மாதம் யாராவது ஒருத்தர் பின்னாலேயே வால்பிடித்து அலைய வேண்டியதுதான்.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. மருந்து வண்டியின் சக்கரம் வேறு கிரீச் கிரீச்சென்று மானத்தை வாங்கியது.

சொந்த ஊரான பத்து காஜாவில் பஸ் ஏற்றிவிடும்போதெல்லாம் அம்மா சொல்வது ஒன்றுதான். பெரியவங்க என்ன சொன்னாலும் சரின்னு சொல்லு, எதுத்துப் பேசாத.

அடுத்தது சன்னாசி. சர்க்கரைக்காரர். கஞ்சி வருவதற்குள் இன்சுலின் போட்டாக வேண்டும்.

நோயாளியின் பெயரை நாம் சொல்லக்கூடாது, அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும். கல்லூரியில் காது புளிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கஞ்சி வண்டி கதவருகே வந்துவிட்டதே!

“சன்னாசி அங்கிள்தானே?”

“ஆமா மிஸ்ஸி.”

கிழவர் எழுந்து உட்காரப் பார்த்தார். அப்படி ஒரு மரியாதை.

சட்டையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினார். தூக்கிய கையில் கட்டியிருந்த பட்டையில் ராமையா என்று இருந்தது.

ஐயோ!

ஊசி அந்தரத்தில் நின்றது. சர்க்கரையே இல்லாத மனிதர். போட்டிருந்தால் ஆளே சாய்ந்திருப்பார். பக்கத்துக் கட்டிலில் அசல் சன்னாசி வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஏன் அங்கிள் ஆமான்னு சொன்னீங்க?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்றீங்க. இல்லன்னு எப்படி மிஸ்ஸி சொல்றது? தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி எந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடிப்போயி நின்னவங்கலா நாங்க.”

காத்தாடிக் காற்று சன்னாசிக்குச் சேரவில்லையாம். காலையில்தான் இருவரும் கட்டில் மாறிப் படுத்தார்களாம்.

பெட்ரீசியாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. கிழவர் மேல் இல்லை, தன் மேலேயே.

“பெட்ரீசியா! முடிஞ்சிச்சா இல்லயா?” சிஸ்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

யெஸ் சிஸ்டர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் போதும், ஒருத்தருக்கும் தெரியாது.

“இல்ல சிஸ்டர். இவருக்குத் தப்பா இன்சுலின் போடப் பாத்தேன். பேர நானே சொல்லிட்டேன், அவரும் ஆமான்னுட்டாரு.”

சிஸ்டரின் முகம் இறுகியது. திட்டு விழப் போகிறது என்று தெரிந்தது. விழட்டும். மூன்று வாரமாகத் தொண்டையில் கிடந்ததும் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

“அப்புறம் சிஸ்டர், பெட்ரீசியா எனக்கு முன்னாடி இங்க வேல செஞ்ச அக்கா. என் பேரு தேவிஸ்ரீ.”