இன்றைய மாதிரி

செயலி விடிந்ததுமே அன்றைக்கான மாதிரி வீடியோவை அனுப்பிவிடும். எதைக் காட்டினால் ஜனம் கடைசிவரை பார்க்கும் என்று அதற்குத் தெரியும். பூவிழி, அவள் புருஷன் குகன் இருவரின் முகங்களையும் வைத்தே அது வீடியோவை உருவாக்கித் தரும்; அவர்கள் அதை அப்படியே நடித்து யூடியூபில் போடுவார்கள். அவர்களுடைய சேனல் வளர்ந்தது அப்படித்தான். அது சொல்லி இதுவரை பலிக்காமல் போனதில்லை.

இன்றைய மாதிரியில் பூவிழி பொட்டில்லாமல் தனியாக அழுதுகொண்டிருந்தாள். பின்சுவரில் குகனின் படம், மாலையோடு.

"என்னங்க இது, அபசகுனமா!"

குகன் தோசையை மென்றபடி எட்டிப் பார்த்தான். "எத்தனை பேர் பார்ப்பாங்களாம்?"

"ஊரே பார்க்குமாம்."

"அப்புறமென்ன? சும்மா நடிப்புதானே. மாலை வாங்கிட்டு வந்துடறேன்." பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

தினமும் வாசல்வரை ஓடிவந்து ஹெல்மெட்டை நீட்டுகிறவள், இன்று கேமரா முன்னால் அழுது பழகிக்கொண்டிருந்தாள்.