கையசைத்த கூட்டம்

நகர எல்லையிலிருந்து புறநகருக்குச் செல்லும் மினி பஸ்ஸுக்குத் தன் நேரந்தவறாமையில் பெரும் பெருமை. மாலை ஆறு மணியானதும் புறப்பட்டுவிடும். நாள்தோறும் பத்துப் பதினைந்து பேர் பின்னால் ஓடிவந்து கையசைப்பார்கள். அதுவும் ஹாரன் அடித்து விடைபெறும்.

ஆனால் உள்ளே ஆளே இல்லை. மறுநாளும் காலியாக ஓடினால் அந்தத் தடத்தையே நிறுத்திவிடுவதாக ஒருநாள் மேலதிகாரி சொல்லிவிட்டார்.

டீசல் நிரப்புமிடத்தில் நகரப் பேருந்திடம் அது புலம்பியது. "என்மேல் எவ்வளவு பாசம், அண்ணே! தினமும் வழியனுப்புகிறார்கள். ஏறத்தான் ஒருவருமில்லை."

நகரப் பேருந்து குலுங்கிச் சிரித்தது. "அட அசடே! ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கு என்னிடமிருந்து இறங்குகிறவர்கள் அவர்கள். நிறுத்து, நிறுத்து என்றல்லவா கத்துகிறார்கள்!"

"ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லையே, அண்ணே!"

மறுநாள் ஆறு மணிக்கு மினி பஸ் உறுமிக்கொண்டே காத்து நின்றது. நகரப் பேருந்து வந்ததும் கூட்டம் இறங்கி ஓடிவந்து ஏறியது.

"இன்றைக்காவது புத்தி வந்ததே!" என்று பூக்காரி ஒருத்தி அதன் முதுகில் தட்டினாள்.

கடைசியாக வந்த மேலதிகாரிக்குப் படியில் ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம் கிடைத்தது. ரத்து உத்தரவு இருந்த பையை, உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் மடியில் கொடுத்துவிட்டு, இரு கைகளாலும் கம்பியைப் பற்றிக்கொண்டார்.